விண்டோஸ் 10 லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22.2: இறக்குவதிலிருந்து தமிழில் தட்டச்சு செய்வது வரை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் உண்டு. அதற்குப் பிறகு விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசரிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. 2016, 2017-இல் வாங்கிய, இன்றைக்கும் நன்றாக ஓடுகிற ஐ5 லேப்டாப்புகள் வெளியே நிற்கின்றன.

இந்தச் சமயத்தில், 2025 செப்டம்பரில் வந்தது, விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் 22.2 பதிப்பு. செல்லப்பெயர் ஸாரா. மின்ட்டின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 'ஆ' ஒலியில் முடியும் ஒரு பெண் பெயர் வைப்பது வழக்கம். 22-க்கு வில்மா, 22.1-க்கு ஷியா. உள்ளே இருப்பது உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தின் அடித்தளம், வன்பொருளை இயக்கும் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் 6.14. பாதுகாப்பு அப்டேட் 2029 வரை.

புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கைரேகையில் உள்நுழைய ஃபிங்விட் என்று ஒரு சின்ன செயலி. ஸ்டிக்கி நோட்ஸுக்குப் புது உடுப்பு. லாகின் திரையில் பின்னணி மங்கலாகத் தெரிகிறது, நம் படமும் வருகிறது. அவ்வளவுதான். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மென்யுவை இடம் மாற்றி வைத்து, 'புதுமை' என்று சொல்லும் ஆட்களிடமிருந்து தப்பித்தாலே போதும் என்பவர்களுக்கான இயங்குதளம் இது. ஆனால் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

யார் இதைச் செய்ய வேண்டாம்

டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி ஜிஎஸ்டி, வருமான வரி வேலை பார்க்கிறவர்கள், ஆட்டோகேட், ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் இல்லாமல் பிழைப்பு ஓடாதவர்கள் விண்டோஸை அழிக்க வேண்டாம். ஒயின் என்றொரு வழி இருக்கிறது, அதில் விண்டோஸ் மென்பொருள் ஓடும் என்பார்கள். ஓடும்தான். ஆனால் மாதக் கடைசியில் ரிட்டர்ன் போடும் நாளில் ஓடுமா என்பது வேறு கேள்வி. இவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்த வழியும் கீழே வருகிறது.

பிரிண்டரையும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். எச்பியின் பெரும்பாலான மாடல்கள் செருகியதும் வேலை செய்யும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 அப்படியில்லை. அதற்குத் தனி டிரைவர் வேண்டும், அதை உட்கார வைப்பது புதியவருக்கு எளிதல்ல.

பிரவுசர், வீடியோ, ஆவணம், ஆன்லைன் வகுப்பு, வாட்ஸாப், பேங்க் வேலை என்று இருப்பவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. தமிழ்நாட்டில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கியது அது. வாங்கிய வாரமே அதை அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக்கொண்டவர்கள்தான் நம்மில் அதிகம். அன்றைக்கு லினக்ஸ் என்றாலே ஒதுங்கியவர்களும் இன்றைய மின்ட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

படி 1: விண்டோஸில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

முதலில் பேக்கப். வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி. "என் ஃபைல் எல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது, சி டிரைவ் போனால் பரவாயில்லை" என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. விண்டோஸைத் திரும்பப் போடும்போது அது உண்மை. இங்கே உண்மையில்லை. மின்ட் நிறுவியில் 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த டிஸ்க் முழுதும் போகும். சி, டி, ஈ எல்லாமே அந்த ஒரே டிஸ்க்கின் பங்குகள். கடைக்காரர் பிரித்துக் கொடுத்ததால் அவை தனித்தனிப் பொருளாகத் தெரிகின்றன, அவ்வளவே.

அடுத்து, எழுத்துருக்கள். இதை ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதில்லை. உங்களிடம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் இருந்தால், அவை உண்மையில் ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கல்யாணப் பத்திரிகை முழுக்கக் குப்பை எழுத்தாகத் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். நீங்கள் பயன்படுத்தும் எழுத்துருக் கோப்புகளை அங்கிருந்து பென்டிரைவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மின்ட்டில் அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கிட்டால் 'இன்ஸ்டால்' பட்டன் வரும், அழுத்தினால் முடிந்தது. இப்போது மொபைலிலும் இணையத்திலும் எழுதும் யூனிகோட் தமிழுக்கு இந்தக் கவலையே இல்லை.

மூன்றாவது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. பல லேப்டாப்புகளில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில், உரிமையாளருக்கே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அதை அணைத்துவிடுங்கள். மறையாக்கத்தை முழுவதும் நீக்கி முடிக்க நேரம் ஆகும், பொறுங்கள். அணைக்க விருப்பமில்லை என்றால் 48 இலக்க மீட்புச் சாவியையாவது காகிதத்தில் எழுதி வையுங்கள். கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸின் அமைப்புகளில் கை வைத்த பிறகு விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டால், அது இல்லாமல் உள்ளே போக முடியாது.

அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் அதன் டிக்கை எடுங்கள். அது இருக்கும்வரை நீங்கள் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த டிரைவை மின்ட்டில் திறந்தால் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது.

படி 2: இறக்குவது, சரிபார்ப்பது

மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்தில், டெஸ்க்டாப் தோற்றத்திலும் எடையிலும் வேறுபடும் மூன்று பதிப்புகள் இருக்கும்: சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ. 4 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் சினமன். 2 ஜிபி ராம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. மேட்டை ஏற்கெனவே பழகியவர்கள் எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். 32 பிட் கணினிகளுக்கு 20-ஆம் பதிப்பிலிருந்தே மின்ட் கிடையாது. கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. மொபைல் டேட்டாவில் இறக்குவதாக இருந்தால் டோரன்ட் வழி நல்லது. இடையில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இறக்கியதும் நேராகப் பென்டிரைவுக்குப் போகாதீர்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் சுட்டியைப் பின்கதவு வைத்த போலிக் கோப்புக்கு மாற்றிவிட்டார்கள். திட்டத்தின் தலைவர் கிளமென்ட் லெஃபெப்வரே அதை வெளிப்படையாக அறிவித்தார். ஆக, அதிகாரபூர்வத் தளத்திலிருந்து எடுத்தேன் என்பது மட்டும் போதாது. விண்டோஸில் 7-ஸிப் இருந்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கி, அதில் வரும் எஸ்எச்ஏ-256 கணக்கீட்டை ஓட்டுங்கள். வரும் நீண்ட எண்ணும் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்துகளை ஒப்பிட்டால் இறக்கும்போது கோப்பு சிதைந்ததா என்று தெரியும். விஷமம் நடந்ததா என்று தெரிய முழு எண்ணையும் ஒப்பிட வேண்டும், அந்த எண்ணை ஒரு மிரர் தளத்திலும், அதாவது அதே கோப்புகளின் பிரதியை வைத்திருக்கும் வேறொரு தளத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 3: பென்டிரைவ்

8 ஜிபி போதும். இறக்கிய கோப்பைப் பூட் ஆகும்படி பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் செயலியைத் திறந்து, பென்டிரைவையும் இறக்கிய கோப்பையும் காட்டி, மற்றதைத் தொடாமல் ஸ்டார்ட் அழுத்துங்கள். ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால் ஐஎஸ்ஓ. பென்டிரைவில் இருந்ததெல்லாம் போய்விடும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படி 4: நிறுவாமல் ஓட்டிப் பார்ப்பது

முழு வேலையிலும் முக்கியமான கட்டம் இதுதான். பலர் இதைத் தாண்டிக் குதித்துவிட்டு, பிறகு வைஃபை வரவில்லை என்று புலம்புவார்கள்.

லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் பூட் மென்யு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸில் முதலில் அதை அனுமதிக்க வேண்டியிருக்கும். ஏசுஸில் எஸ்கேப். நம்பகமான இயங்குதளத்தை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை நம்ப வேண்டாம். மின்ட் அது இருக்கும்போதே பூட் ஆகும். திரை கறுப்பாக நின்றுவிட்டால் மறுபடி பூட் செய்து, வரும் பட்டியலில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' தேர்ந்தெடுங்கள். என்விடியா கார்டு உள்ளவற்றில் இது அடிக்கடி தேவைப்படும்.

டெஸ்க்டாப் வந்துவிடும். இன்னும் உங்கள் டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை. எல்லாம் பென்டிரைவிலும் ராமிலும்தான் ஓடுகிறது. இப்போது அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபையில் சேருங்கள். ஒரு வீடியோ ஓட்டி, ஸ்பீக்கரிலும் ஹெட்ஃபோனிலும் ஒலி வருகிறதா கேளுங்கள். கேமரா, மைக், புளூடூத். திரை வெளிச்ச விசைகள். கடைசியாக மூடியை மூடி, இரண்டு நிமிடம் விட்டுத் திறங்கள். தூங்கி எழுகிறதா என்பதுதான் கடினமான பரீட்சை. இதில் தேறிய லேப்டாப் பெரும்பாலும் மற்ற எதிலும் தொல்லை தராது.

வைஃபை இல்லை என்றால் உடனே கைவிட வேண்டாம். மொபைலை யூஎஸ்பி வயரில் இணைத்து, மொபைல் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் மின்ட்டுக்கு இன்டர்நெட் வந்துவிடும். பிறகு மென்யுவில் 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் பிராட்காம் போன்ற கார்டுகளுக்கான டிரைவரை அதுவே காட்டும். அப்படியும் வரவில்லை என்றால் இந்த லேப்டாப்பில் மின்ட் வேண்டாம், அல்லது சிறிய யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று வாங்க வேண்டும். முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். டிஸ்க்கைத் தொட்ட பிறகு அல்ல.

படி 5: நிறுவுவது

டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' ஐகான் இருக்கும். முதல் பக்கத்தில் மொழி. தமிழ் இருக்கிறது. ஆனால் மெனுக்கள் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வரும். பிரச்சினை வந்து தேடும்போது கிடைக்கும் விடைகளும் ஆங்கில மெனுப் பெயர்களைத்தான் சொல்லும். என் ஆலோசனை: இயங்குதளம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், தட்டச்சைத் தமிழில் வைத்துக்கொள்வோம். விசைப்பலகைப் பக்கத்திலும் ஆங்கிலத்தையே விடுங்கள். அங்கே தமிழ் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் கடவுச்சொல் அடிக்கும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

வீடியோ, பாட்டு ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் போடுங்கள். செக்யூர் பூட் ஆனில் இருந்தால், இந்த இடத்தில் ஒரு கடவுச்சொல் உருவாக்கச் சொல்லலாம். அப்படிக் கேட்டால், நிறுவி முடித்து ரீஸ்டார்ட் ஆகும்போது நீல நிறத்தில் பழங்காலத் திரை ஒன்று வரும். வைரஸோ என்று பயந்து அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. அதில் 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும், மறுபடி வராது.

அடுத்தது டிஸ்க் பக்கம். விண்டோஸ் வேண்டாம், பேக்கப் இருக்கிறது என்றால் 'அழித்து நிறுவு'. இரண்டும் வேண்டும் என்றால் 'விண்டோஸ் பூட் மேனேஜருடன் பக்கத்தில் நிறுவு'. இதற்கான இடத்தை விண்டோஸில் இருக்கும்போதே டிஸ்க் மேனேஜ்மென்ட் மூலம் சுருக்கி ஒதுக்கிவிடுவது பாதுகாப்பு. மின்ட் கேட்பது குறைந்தபட்சம் 20 ஜிபி, பரிந்துரைப்பது 100 ஜிபி. 60-க்குக் கீழே போகாதீர்கள். தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னோடு கொண்டுவரும் ஃபிளாட்பேக் வகைச் செயலிகள் இரண்டு மூன்று சேர்ந்தால் இடத்தை விழுங்கிவிடும்.

'பக்கத்தில் நிறுவு' என்ற தேர்வே வரவில்லையா? காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: பிட்லாக்கர் இன்னும் ஓடுகிறது, பென்டிரைவைப் பழைய லெகசி முறையில் பூட் செய்திருக்கிறீர்கள், அல்லது பயாஸில் டிஸ்க் இன்டெல் ஆர்எஸ்டி முறையில் இருக்கிறது, அதனால் மின்ட்டின் கண்ணுக்கு டிஸ்க்கே தெரியவில்லை. மூன்றாவது காரணம் என்றால் விண்டோஸைத் தயார் செய்யாமல், மின்ட்டுக்குத் தெரியக்கூடிய ஏஎச்சிஐ முறைக்கு மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் பூட் ஆகாமல் நிற்கும். 'சம்திங் எல்ஸ்' என்ற கையால் பிரிக்கும் வழி, என்ன செய்கிறோம் என்று தெரிந்தவர்களுக்கு.

நேர மண்டலத்தில் இந்தியாவில் இருப்பவர்கள் கொல்கத்தா, இலங்கையில் கொழும்பு. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஹோம் ஃபோல்டரை மறையாக்கம் செய்யும் தேர்வு அதே பக்கத்தில் இருக்கும். கைரேகையில் உள்நுழைய ஆசைப்படுபவர்கள் அதில் டிக் போட வேண்டாம். மறையைத் திறக்கக் கடவுச்சொல்தான் தேவை, கைரேகை உதவாது.

முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் மின்ட்டா விண்டோஸா என்று கேட்கும் பட்டியல் வர வேண்டும். கேட்காமல் நேராக விண்டோஸுக்குள் போனால், பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். அங்கே மின்ட் என்ற பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. 'உபுண்டு' என்று ஒன்று இருக்கும், அதுதான் மின்ட். அதை மேலே ஏற்றுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது விண்டோஸின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகக்கூடும். காலை 10 மணிக்கு அது 4.30 காட்டும். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதால் வருவது இது. விண்டோஸின் நேர செட்டிங்ஸில் 'சிங்க் நவ்' அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகும்.

படி 6: முதல் நாள் வேலைகள்

வெல்கம் திரை தானே திறக்கும். அதில் முதலில் டைம்ஷிஃப்ட். கணினியின் நிலையை அப்படியே பதிவு செய்து வைத்து, ஏதாவது அப்டேட் கெடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பும் கருவி அது. தினம் ஒன்று, வாரம் ஒன்று என்று இரண்டிரண்டு பிரதிகள் போதும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: டைம்ஷிஃப்ட் இயல்பாக உங்கள் ஹோம் ஃபோல்டரைச் சேர்ப்பதில்லை. படங்களுக்கும் ஆவணங்களுக்கும் அது பேக்கப் ஆகாது. அதற்கு வெளி டிஸ்க்தான்.

பிறகு அப்டேட் மேனேஜர். 'உள்ளூர் மிரருக்கு மாறலாமா' என்று கேட்கும்; மாறுங்கள், அப்டேட்டுகள் வேகமாக இறங்கும். டிரைவர் மேனேஜரை ஒருமுறை திறந்து பாருங்கள். ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள், ஒரே ஒரு பட்டன்.

செயலிகளுக்கு சாஃப்ட்வேர் மேனேஜர். இங்கே மின்ட்டின் பிடிவாதம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும் ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவத்தில் வருகின்றன; மின்ட் ஸ்னாப்பை ஒதுக்கிவிட்டு, இரண்டையும் தானே வழக்கமான வடிவில் தொகுத்துத் தருகிறது. பழைய லேப்டாப்பில் ஃபயர்ஃபாக்ஸ் முதல் தடவை திறக்கும்போதே வித்தியாசம் தெரியும். ஃபிளாட்பேக் கிடைக்கும், ஆனால் உருவாக்கியவர் உறுதி செய்யாதவற்றை 22-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாக மறைத்து வைக்கிறார்கள். வாட்ஸாப்புக்குத் தனிச் செயலி தேட வேண்டாம். 'வெப் ஆப்ஸ்' கருவியில் வாட்ஸாப் வெப் முகவரியைக் கொடுத்தால் மென்யுவில் தனி ஐகானாக உட்கார்ந்துவிடும். மொபைலிலிருந்து படங்களை அனுப்ப வார்ப்பினேட்டர் உள்ளேயே இருக்கிறது. மொபைலிலும் அதன் ஆண்ட்ராய்டு செயலியைப் போட்டு இரண்டையும் ஒரே வைஃபையில் வைத்தால் போதும்.

படி 7: தமிழில் தட்டச்சு

கீபோர்ட் செட்டிங்ஸில் லேஅவுட் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கும். பார்த்ததும் அதைச் சேர்க்கத் தோன்றும். வேண்டாம். தமிழ்99 வெறும் விசை வரிசை இல்லை, அதற்குள் விதிகள் இருக்கின்றன. க-வை இரண்டு முறை தட்டினால் 'க்க' வர வேண்டும்; ங, க என்று அடுத்தடுத்துத் தட்டினால் 'ங்க' வர வேண்டும். புள்ளியைத் தானே வைக்கும் இந்த அறிவுதான் 1999-இல் அந்த அமைப்பை வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம். அந்த லேஅவுட்டில் ஒவ்வொரு புள்ளியையும் நாமே வைக்க வேண்டும். பழகிய கைக்கு அது சித்திரவதை.

சரியான வழி ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டுக் கருவி. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் தேடி நிறுவுங்கள். மென்யுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து, ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். கீழே வலது ஓரத்தில் ஒரு சின்ன விசைப்பலகை ஐகான் வந்திருக்கும். அதில் பிரிஃபரன்ஸஸ், இன்புட் மெத்தட், ஆட் என்று போய்த் தமிழைச் சொடுக்கினால் தமிழ்99, ஃபொனட்டிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வரிசையாக நிற்கும். 'அம்மா' என்பதை ஆங்கில விசையில் அடித்துப் பழகியவர்களுக்கு ஃபொனட்டிக். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு டைப்ரைட்டர். இதையே பத்து வருடம் அடிக்கப் போகிற மாணவர்களுக்கு நான் தமிழ்99-ஐத்தான் சொல்வேன்; பழக ஒரு மாதம் பிடிக்கும், பிறகு விரல் தானே போகும். மொழி மாற்ற சூப்பர் விசை, அதாவது விண்டோஸ் படம் போட்ட விசை, அதோடு ஸ்பேஸ்.

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் யூனிகோட் தமிழ் எழுத்துரு மாறவே மாட்டேன் என்கிறதா? ஃபார்மட் மென்யுவில் கேரக்டர் திறந்தால், மேற்கத்திய எழுத்துருவுக்கு ஒரு பகுதி, சிக்கலான எழுத்து முறைகளுக்கு (சிடிஎல்) ஒரு பகுதி என்று தனித்தனியாக இருக்கும். தமிழ் இரண்டாவதில் வரும். அந்தப் பகுதி கண்ணில் படவில்லை என்றால் ஆப்ஷன்ஸில் லாங்குவேஜஸ் பக்கத்தில் சிடிஎல் பெட்டியில் டிக் போட வேண்டும்.

அடுத்த பதிப்பு வரும்போது

22 வரிசைக்குள் புதிய வெளியீடு வந்தால் பென்டிரைவ் வேலை எதுவும் இல்லை. அப்டேட் மேனேஜரின் எடிட் மென்யுவில் 'அப்கிரேட்' என்று ஒரு வரி தோன்றும். அது வந்த நாளே அழுத்த வேண்டிய கட்டாயமில்லை, 22.2-இல் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு அப்டேட் 2029 வரை வந்துகொண்டேதான் இருக்கும். நான் பொதுவாக இரண்டு மூன்று வாரம் விட்டு, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் போவேன். போகும் நாளில் சார்ஜரைச் செருகிவிட்டு, டைம்ஷிஃப்ட்டில் ஒரு பிரதி எடுத்துவிட்டு அழுத்துங்கள்.